சிப்புக்குள்ள குடல் வளர்க்கலாம், முதல் தடவை செய்றவங்களுக்கு

ஏற்காட்டுலேர்ந்து தினமும் பஸ்ல இறங்கி சேலம் வந்து எங்க லேப்ல ப்ராஜெக்ட் பண்ற பொண்ணு, "அக்கா, தட்டுல வளர்ற குடல் செல் மேல பாக்டீரியா விட்டா மறுநாளே எல்லாம் செத்துடுதே"ன்னு கேட்டுச்சு. சாகத்தான் செய்யும், ஏன்னா தேங்கின தண்ணில பாக்டீரியா கண்டபடி பெருகி அமிலமா ஆக்கிடும், நம்ம குடல்ல எல்லாம் ஓடிக்கிட்டே இருக்குல்ல. 2012-ல ஹார்வர்டுல டொனால்ட் இங்பர் குழு இந்த ஓட்டத்தை சிப்புல கொண்டுவந்து ரெண்டையும் ஒரு வாரத்துக்கு மேல ஒண்ணா வாழ வச்சாங்க.

முதல்ல சிப், கம்ப்யூட்டர் சிப் இல்ல, குட்டி வாய்க்கால் உள்ள ரப்பர் மாதிரி துண்டு. தட்டுவடை செட் மாதிரி நினைச்சுக்கோங்க, மேல ஒரு வாய்க்கால், கீழ ஒரு வாய்க்கால், நடுவுல 10 மைக்ரான் ஓட்டை போட்ட மெல்லிசு படலம். பிடிஎம்எஸ்ங்கிற சிலிகோன் திரவத்தையும் அதை கெட்டியாக்குற திரவத்தையும் 10-க்கு 1 எடைக் கணக்குல கலந்து, வேக்குவம்ல குமிழி போக்கி, அச்சுல ஊத்தி, 65 டிகிரில 4 மணி நேரம் வைங்க. அப்புறம் பிளாஸ்மா, அதாவது மின்சாரத்தால தூண்டின வாயு, காட்டி பாகங்களை ஒட்டணும்.

அடுத்து ஸ்டெரைல் பண்ணி, செல் ஒட்டிக்க உதவுற கொலாஜனும் மேட்ரிஜெல்லும் பூசி, மேல் வாய்க்கால்ல காக்கோ-2ங்கிற மனுஷக் குடல் செல் விடுங்க. செல் ஒட்டினதும் மீடியம், அதாவது செல்லுக்கான சத்து திரவம், ஓட்டுற பம்பை மணிக்கு 30 மைக்ரோலிட்டர்ல வைங்க, அது ஒரு சொட்டுகூட முழுசா வராது. சிப்புலயே வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற குட்டி காலி அறைகள்ல வேக்குவம் கொடுத்து படலத்தை நிமிஷத்துக்கு 9 தடவை, 10 சதவீதம் இழுத்து விடணும், குடல் அசையுற மாதிரி. சில நாள்ல செல் எல்லாம் மடிப்பு மடிப்பா எழும்பும், மைக்ராஸ்கோப்ல முதல் தடவை பாத்தப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

குமிழி விஷயத்துல மட்டும் ரொம்ப கவனம். என் ரெண்டாவது சிப்புல ஒரே ஒரு காத்துக் குமிழி போச்சு, மூணு நாள் வளர்ந்த செல் படலம் அப்படியே உரிஞ்சி வந்துடுச்சு. மீடியத்தை முன்னாடியே இன்குபேட்டர்ல வச்சு சூடாக்கிட்டு ஏத்துங்க, ட்ரிப்ஸ் ஏத்துறப்ப நர்ஸ் அக்கா ட்யூப்ப தட்டி காத்து வெளியேத்துவாங்களே, அதே மாதிரி ட்யூப்ப தட்டிப் பாத்துட்டுதான் சிப்புல மாட்டணும்.

இனி பாக்டீரியா. அதுக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் இல்லாத மீடியத்துக்கு மாறிடணும், இதை மறந்தா எத்தனை தடவை விட்டாலும் ஒண்ணும் மிஞ்சாது. முதல்ல லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி போதும், அது கொஞ்சம் ஆக்சிஜன் தாங்கும். மத்த நிறைய குடல் பாக்டீரியா தாங்காது, பிடிஎம்எஸ் வழியா காத்து வேற கசிஞ்சு உள்ள வரும். விட்டுட்டு ஒன்றரை மணி நேரம் பம்பை நிறுத்தி ஒட்ட விடுங்க, அப்புறம் திரும்ப ஓட்டுங்க.

வெளிய வர்ற மீடியத்துல கொஞ்சத்தை தினமும் எம்ஆர்எஸ் அகார்ல, அதாவது லாக்டோபேசிலஸ் வளர்க்குற தட்டுல, பூசி எத்தனை காலனின்னு எண்ணி எழுதுங்க, மிச்சத்தை ப்ளீச்ல ஊற வச்சுட்டுதான் கொட்டணும்.