குதிக்கச் சொல்லித்தர வேண்டாம், இறங்கச் சொல்லிக்கொடுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாலை ஐந்தரைக்கு மேல்தான் எங்கள் கூடைப்பந்துப் பயிற்சி. அதற்கு முன்னால் போனால் சிமெண்டுத் தளம் தோசைக்கல் மாதிரி இருக்கும். பதினைந்து பெண் பிள்ளைகள் வருகிறார்கள், 13 வயதிலிருந்து 17 வரை. பாதிப் பேர் தோட்டத்திலிருந்து அப்பாவின் மோட்டாரில் வந்து இறங்குவார்கள். நான் பெரிய பயிற்றுநர் எல்லாம் இல்லை. பகலில் ஒரு லோரிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் கூடைப்பந்து ஆடி, வலது முட்டியைப் பறிகொடுத்தவள்.

"மாவட்டப் போட்டிக்கு எட்டு வாரந்தான் இருக்கு டீச்சர், என்ன செய்யலாம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பள்ளியில் கூடைப்பந்துப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஆசிரியைகளும் வருகிறார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்.

முதலில் இந்த ஆட்டம் உடம்பை என்ன கேட்கிறது என்று பாருங்கள். களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பெரியவர்கள் ஆட்டத்தில் பத்து நிமிடமாக நான்கு பகுதி. முழு நேரமும் ஆடும் பெண் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடுவாள். ஆனால் அது சீரான ஓட்டம் இல்லை. இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை ஓட்டம் நிற்கும், திரும்பும், பக்கவாட்டில் போகும், குதிக்கும். அதனால் திடலைச் சுற்றி மெதுவாகப் பத்துச் சுற்று ஓடவிடுவது இதற்குப் போதவே போதாது. நான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப ஓடவிடுகிறேன். பதினைந்து நொடி முழு வேகம், முக்கால் நிமிடம் நடை. முதல் வாரம் ஆறு முறை, ஐந்தாவது வாரத்தில் பன்னிரண்டு.

ஓட்டத்தைவிட நிற்பதில்தான் காலுக்கு அடி. முட்டிக்குள் குறுக்காக ஒரு தசைநார் இருக்கிறது, டாக்டர்கள் ஏசிஎல் என்பார்கள். இதே ஆட்டத்தில் அது கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதுவும் பெரும்பாலும் யாரும் மோதி அல்ல. தானாகக் குதித்து இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது. கால் விறைப்பாக இருந்து, முட்டி உள்பக்கம் சாய்ந்தால் போச்சு.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நிறைந்த பால் வாளியை அவர் தரையில் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இடுப்பு பின்னால் போகும், முட்டி மடியும், வாளி தரையைத் தொடும் சத்தமே கேட்காது, ஒரு சொட்டுத் தளும்பாது. பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன். இப்போதுள்ளவர்கள் பால் வாளியைப் பார்த்ததே இல்லை, செம்பனைதான் தெரியும். அதனால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிறைத்து ஒவ்வொருத்தியையும் தூக்கி வைக்கச் சொல்வேன். ஈரமாகிச் சிரிப்பார்கள். அப்புறம் வாளி இல்லாமல் அதே மாதிரி இறங்கச் சொல்வேன்.

முதல் வாரம் ஒரே ஒரு படியிலிருந்து, முழங்காலில் பாதி உயரம் போதும். இரண்டு காலில் இறங்கி மூன்று நொடி அப்படியே நிற்க வேண்டும். நான் முன்னால் நின்று முட்டியைப் பார்ப்பேன்: அது கால்விரல்களுக்கு நேராகப் போகிறதா, ஒன்றை ஒன்று முத்தமிடப் போகிறதா? பிறகு கண்ணை மூடிக் காதால் கேட்பேன். "டொப்" என்று சத்தம் வந்தால் மறுபடி. மூன்றாவது வாரம் ஒற்றைக்கால். நான்காவது வாரம் தாவி இறங்கும்போது தோழி தோளை லேசாகத் தள்ளுவாள், ஆட்டத்தில் அப்படித்தானே நடக்கும்.

இதோடு வாரம் இரண்டு நாள் தொடையின் பின்பக்கத் தசைக்கு ஒன்று. மண்டியிட்டு நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் குதிகாலை இன்னொருத்தி அழுத்திப் பிடிக்க வேண்டும். இவள் முதுகை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். ஐந்து முறை செய்தால் மறுநாள் கழிவறையில் உட்காரும்போது என்னைத் திட்டுவார்கள். பரவாயில்லை.

சப்பாத்து பற்றி ஒரு வரி: பள்ளிச் சப்பாத்தின் அடி தேய்ந்திருந்தால் மணல் படிந்த சிமெண்டில் வழுக்கும், ஆகவே தினமும் தளத்தைக் கூட்டுவது யார் என்று முறை வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் வாங்கிக் கொடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம் ஊர் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் போக வேண்டும், ஒரே மூச்சில் இல்லாமல் மெல்ல மெல்ல. அசாம்போய் (உப்பிட்டுக் காயவைத்த பிளம் பழம்) போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வேன், கொஞ்சம் உப்பும் சேரும்.

மாதவிலக்கு விஷயத்தை ஒளிக்காமல் பேசிவிடுவது நல்லது. ஆளுக்கு ஒரு குட்டிப் புத்தகத்தில் தேதி எழுதச் சொல்கிறேன். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால் ஆட்டத்தை ஒத்திவைத்துவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். வேலைக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது அப்படியாகும், எலும்பும் பலவீனமாகும். இரத்தப்போக்கு அதிகமுள்ள பிள்ளைக்கு இரும்புச்சத்து குறையும். முருங்கைக்கீரை, ஈரல் கொடுங்கள், கூட ஒரு கொய்யாத் துண்டு. சாப்பாட்டோடு தேநீர் மட்டும் வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

"பெரிய பிள்ளையாயிட்டா, இனி இவ்வளவு ஓட வேணாமே டீச்சர்" என்று போன மாதம் ஒரு அம்மா சொன்னார். 1890-களில் அமெரிக்காவில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை பெண்களுக்காக இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகள் களைத்துவிடக் கூடாதென்று களத்தையே மூன்றாகப் பிரித்து அவரவர் பகுதிக்குள் நிறுத்தினாராம். அந்தக் கதையைச் சொல்லி, "அவங்களே பிறகு மாறிட்டாங்க, நாம இன்னும் கோட்டுக்குள்ளேயே நிக்கணுமா அக்கா?" என்றேன். 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் நம் நாட்டுப் பெண்கள் தங்கம் வென்றதையும் சொன்னேன். பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள்.

போட்டி நாளில் ஆட்டம் ஒன்பது மணிக்கென்றால் ஆறரைக்குப் பசியாறிவிட வேண்டும். இட்லி, வாழைப்பழம். நாசி லெமாக்கை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், தேங்காய்ப்பால் வயிற்றிலேயே நிற்கும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால் நடுவில் ரொட்டியும் மைலோவும். களைத்த காலில் பிள்ளைகள் விறைத்து இறங்குவார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டவுடன் மாற்று ஆள் போய்விடும், எத்தனை புள்ளி பின்தங்கியிருந்தாலும்.

எனக்கு 16 வயதில் அப்படி மாற்ற ஆள் இல்லை. பந்தைப் பிடித்து இறங்கினேன், உள்ளே "பட்" என்றது, இருட்டுவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. அம்மா எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் கூட்டிப்போனார். மூன்று வாரத்தில் மறுபடி ஆடினேன், மறுபடி மடங்கியது. கிழிந்திருந்தது என்று தெரிந்ததே கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில்தான். ஆகவே சத்தம் கேட்டு வீக்கம் வந்தால் உருவ வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை துண்டில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு கால் மணி நேரம். போட்டிக்குப் போகிற வழியில் ஒட்டுக்கடையில் இரண்டு ரிங்கிட்டுக்கு ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் அது சிராப் தண்ணீருக்குத்தான் போகும்.