போதை விலகலில் தவிக்கும் பச்சிளங்குழந்தை: செவிலியர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்ப காலத்தில் தாய் ஹெராயினோ, டிரமடால், டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளோ தொடர்ந்து எடுத்திருந்தால், தொப்புள்கொடி அறுபட்டதும் குழந்தைக்கு அந்த மருந்து கிடைப்பது திடீரென நின்றுவிடுகிறது. இதனால் வரும் நடுக்கம், ஓயாத அழுகை போன்றவையே விலகல் அறிகுறிகள். ஹெராயினால் வருபவை பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன், பியூப்ரினார்பின் என்றால் 2, 3 நாள் கழித்தும், சில சமயம் அதற்குப் பின்னும் வரலாம். ஆகவே, சுகப்பிரசவம்தானே என்று 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவது முதல் தவறு. பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் பிரசவித்து, உடனே பென்னாகரத்துக்கோ அரூருக்கோ திரும்பிவிடும் குடும்பத்தில் குழந்தை வீறிட்டு அழுதால், வசம்பு உரைத்துக் கொடுப்பதிலும் தோஷம் என்று மந்திரிப்பதிலும் நாள் கடந்துவிடும்.

மாமியாரும் நாத்தனாரும் சூழ நிற்கையில், "போதைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் உண்மை சொல்லமாட்டாள். தனியே அழைத்து, "முதுகுவலிக்கோ தூக்கத்துக்கோ ஏதாவது மாத்திரை எடுத்துக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்பதே பயன் தரும்.

தாயைக் குற்றவாளியாகப் பார்த்து, குழந்தையைப் பிரித்து, வெளிச்சமும் மானிட்டர் ஒலியும் ஓயாத பிரிவில் கிடத்துவதையே எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். நரம்புகள் ஏற்கெனவே கொதித்திருக்கும் குழந்தைக்கு முதல் மருந்து அமைதிதான்: மங்கிய விளக்கு, தாயின் மார்போடு சேர்த்த அணைப்பு, துணியில் இதமாகச் சுற்றுதல், சிறிது சிறிதாக அடிக்கடி பால். தூளியில் வேகமாக ஆட்டுவது இந்தக் குழந்தையை மேலும் கலக்கும். விலகல் அறிகுறிகளின் கடுமையை அளக்க 1970களில் உருவான ஃபின்னகன் மதிப்பெண் அட்டவணை இன்றும் உதவும் என்றாலும், அதை நிரப்புவதற்காகவே உறங்கும் குழந்தையை எழுப்புவதும், பசியோடு அழுகையில் மதிப்பிடுவதும் மதிப்பெண்ணைப் பொய்யாக ஏற்றி, விலகலைத் தணிக்கத் தரும் மார்பின் மருந்தைத் தேவையின்றிக் கொடுக்க வழிவகுக்கும். குழந்தை போதுமான பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, 10 நிமிடத்துக்குள் சமாதானமாகிறதா என்று மட்டும் பார்க்கும் முறையை அமெரிக்காவின் 26 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டபோது, வீடு திரும்பத் தகுதிபெறும் காலம் வழக்கமான பராமரிப்பில் சராசரியாக 14.9 நாளாக இருந்தது, இம்முறையில் 8.2 நாளாகக் குறைந்திருந்தது.

நடுக்கமெல்லாம் விலகல்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. இரத்தச் சர்க்கரை, கால்சியம், கிருமித்தொற்று ஆகியவற்றைச் சோதித்தாக வேண்டும். தாய் ஓபியாய்டுக்கு (ஹெராயின், மார்பின், டிரமடால் வகை மருந்துகளுக்கு) பழகியவர் என்றால், மூச்சுத் திணறும் குழந்தைக்கு அதன் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்தைப் போடுவது கடும் விலகலையும் வலிப்பையும் தூண்டக்கூடும் என்பதால், பை, முகமூடி கொண்டு சுவாசம் அளிப்பதே பாதுகாப்பு.

தாய்ப்பாலை எடுத்த எடுப்பில் நிறுத்துவதும் தவறு. மருத்துவக் கண்காணிப்பில் மெத்தடோன் அல்லது பியூப்ரினார்பின் எடுத்து, வேறு போதைப்பொருளை விட்டுவிட்ட தாய் பொதுவாகப் பாலூட்டலாம். இன்னும் போதைப்பொருளைப் பயன்படுத்துபவர் பற்றி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அழுகையும் தூக்கக் குறைவும் சில மாதங்கள் நீடிக்கக்கூடும் என்பதால், வீட்டுக்கு அனுப்பும்போது தாயின் சம்மதத்துடன் கிராம சுகாதார செவிலியரிடம் எடை பார்க்கும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.