கடைக்காரர் ‘காது’ கேட்டால் கார்டைக் கொடுங்கள்

காரைக்குடியில் செக்ரி ஆராய்ச்சி நிலையத்திலோ அழகப்பா பல்கலைக்கழகத்திலோ பிஎச்.டி. முடித்துவிட்டுத் தென் கொரியாவுக்குக் கிளம்புகிற பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் விசாரிக்க வருவார்கள். நான் டேஜொன் நகரத்தில் மூன்று வருஷம் இருந்து திரும்பியவள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அங்கே இங்கிலீஷை வச்சுச் சமாளிச்சிடலாமா?"

சமாளிக்கலாம். ஆனால் காலேஜில் பேசிப் பழகிய இங்கிலீஷ் அங்கே கடையில் எடுபடாது. நம் அப்பத்தா "பஸ்ஸு", "பேங்க்கு", "காப்பி" என்பாரே, அந்த வாயைக் கொண்டு போங்கள். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. கொரியர்கள் இங்கிலீஷ் சொல்லை வாங்கிக்கொள்கிற விதம் அதற்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

முதலில் குற்றியலுகரம். "பாக்கு", "காடு" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவியாது. கொரிய மொழியில் கிட்டத்தட்ட இதே ஒலிக்குத் தனி உயிரெழுத்தே இருக்கிறது. இரண்டு மெய் சேர்ந்து வந்தாலும், ‘ஸ்’ போன்ற மெய்யில் சொல் முடிந்தாலும் இந்த ஒலியைச் செருகிவிடுவார்கள். ஐஸ்கிரீம், அ-இ-ஸு-கு-ரிம் என்று ஐந்து அசை ஆகும். கிறிஸ்துமஸ், கு-ரி-ஸு-மா-ஸு. பஸ், பொஸு. ‘ஞ்ச்’, ‘ஜ்’ போல முடிந்தால் உகரத்துக்குப் பதில் இகரம்: நாம் "பெஞ்சு" என்போம், அவர்கள் "பென்சி" என்பார்கள். ஆரஞ்சு, ஒரென்ஜி.

அடுத்து, ஆய்தம் போட்டு நாம் எழுதுகிற ஃபகரத்தை மறந்துவிடுங்கள். அது அங்கே பகரம்தான். போன், பைல், கொபி. வகரமும் பகரமாகும்: வீடியோ, பிதியோ. பீட்சா, பிஜா. பல சொற்களில் ரகர ஒற்று காணாமல் போகும்: கம்ப்யூட்டர், கொம்ப்யுதொ.

இதையெல்லாம் சேர்த்தால்தான் தலைப்பில் உள்ள சங்கதி புரியும். போன புதிதில், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பால் பாக்கெட்டை வைத்ததும் கல்லாவில் இருந்தவர் "காது?" என்றார். அச்சு அசலாக நம் காதுதான், அதே தகரம், அதே குற்றியலுகரம். திகைத்து நின்றேன். கார்டில் ரகர ஒற்று போய், கடைசியில் உகரம் ஒட்டி, காது ஆகிவிட்டது. அன்று ராத்திரி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் அந்த நோட்டு நிரம்பியது.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் எழுத்தைப் படித்துவிடுங்கள். கொரியாவின் சேஜோங் அரசர் 1446-இல் வெளியிட்ட எழுத்து அது. இன்று அடிப்படை எழுத்து 24 தான்: மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து உட்காரும். உயிர்மெய் எழுதி வளர்ந்த நமக்கு இரண்டு சாயங்காலம் போதும். அப்புறம் தெருவில் போகும்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். நிறையப் பலகைகளில் இங்கிலீஷ் சொல்தான் ஒளிந்திருக்கும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஒலி பிடிபட்ட பிறகுதான் பொருள் தொந்தரவு தரும். லேபில் லேப்டாப்புக்குச் சார்ஜ் போட பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டேன். பக்கத்து மேசைப் பெண், "கொன்சென்து?" என்றாள். ஏதோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும் போல என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். அவள் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த பிளக் பாயின்டைக் காட்டினாள். அதற்குப் பெயரே அதுதான். லேப்டாப்புக்குப் பெயர் ‘நோதுபுக்’. செல்போன், ‘ஹென்துபோன்’. ஜிம்முக்குப் போகிறவர் ‘ஹெல்ஸு’ போகிறேன் என்பார். ‘சைதா’ கேட்டால் எலுமிச்சை சோடா மாதிரி ஒன்று வரும். பரீட்சையில் காப்பியடிப்பது ‘கொன்னிங்’. லேபில் கருவி பழுதானால் ‘ஏ எஸ்’ கூப்பிடச் சொல்வார்கள். விற்ற கம்பெனி செய்து தரும் பழுதுபார்ப்பு அது. ‘மிதிங்’ மட்டும் கவனம்: ஆபீஸில் மீட்டிங்தான், காலேஜ் பிள்ளைகள் வாயில் அது ஆணும் பெண்ணும் கூட்டமாகச் சந்தித்து ஜோடி தேடுவது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சொபிஸு’. ஜுங்காங் சந்தையில் ஓர் அம்மாவிடம் பச்சை மிளகாய் வாங்குவேன். அவரை ‘இமோ’ என்று கூப்பிடலாம். சின்னம்மா, பெரியம்மா என்கிற முறை. மிளகாயைப் பையில் போட்டுக் கட்டியபின், பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பிடி வெங்காயத்தாளை அள்ளித் திணித்து "சொபிஸு!" என்றார். சர்வீஸ் சார்ஜ் கேட்கிறார் என்று ஆயிரம் வொன் நோட்டை நீட்டினேன். அதை என் உள்ளங்கையிலேயே மடித்து வைத்து மூடிவிட்டார். அவர் விரல்களில் மண் அப்பியிருந்தது. நம் ஊர் சந்தையில் கத்தரிக்காயோடு கறிவேப்பிலை வைப்பார்களே, அந்தக் கொசுறுதான் சொபிஸு. இந்தச் சொல் காதில் விழுந்தால் பணத்தை எடுக்காதீர்கள், "கம்சஹம்னிதா" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் இரண்டு சொல். தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுவரில் ‘செல்பு’ என்று எழுதியிருந்தால் நீங்களே எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். சஷ்டி, கார்த்திகைக்கு விரதம் இருக்கிறவர்கள், காய்கறி கிம்பாப் (கடல்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டியது) என்று போட்டிருந்தாலும் நம்பி வாங்க வேண்டாம். உள்ளே ஹாம் என்கிற பன்றிக்கறித் துண்டு இருக்கலாம். சுருட்டுவதற்கு முன்னாலேயே "ஹெம் பே ஜுசெயோ", ஹாமை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ‘ஹாம்’ என்று நீட்டினால் புரியாது, ‘ஹெம்’.