தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம்: வேதத்தை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைக்கிறார். அதில் இனம், குலம் எதுவும் இல்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவரே இஸ்ரவேலரின் முன்னோரான ஆபிரகாமைத் தனியாக அழைக்கிறார். சரி, எல்லாரும் சமம் என்றால் ஒருவரை மட்டும் ஏன் அழைக்க வேண்டும்?

தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், அதாவது கடவுள் தேர்ந்தெடுத்த இஸ்ரவேலர், என்றால் உயர்ந்தவர்கள் என்று நினைத்துவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. நீங்கள் எல்லா ஜனங்களிலும் கொஞ்சம் பேர்தான் என்று இஸ்ரவேலரிடம் சொல்கிறது உபாகமம் 7. உங்கள் நீதியைப் பார்த்து இந்த நாட்டைத் தரவில்லை, நீங்கள் வணங்காக் கழுத்துள்ளவர்கள் என்கிறது 9-ஆம் அதிகாரம். தீர்க்கதரிசி ஆமோஸ் இன்னும் கடுமையானவர். பூமியின் வம்சங்களில் உங்களை மட்டுமே அறிந்தேன், அதனாலேயே உங்கள் அக்கிரமங்களுக்கு உங்களைத் தண்டிப்பேன் என்று கடவுள் சொல்வதாக எழுதுகிறார் (3:2). சலுகையை எதிர்பார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கிறார். அப்புறம் 9:7-ல், இஸ்ரவேலரும் எத்தியோப்பியரும் தமக்கு ஒன்றுதான் என்கிறார் கடவுள். எகிப்திலிருந்து இவர்களைக் கொண்டுவந்தவர், பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தாராம். இஸ்ரவேலின் மாபெரும் பெருமை எகிப்திலிருந்து கிடைத்த விடுதலை. அப்படி ஒரு பயணம் அவர்களுடைய எதிரிகளுக்கும் இருந்தது என்று ஓர் இஸ்ரவேல் தீர்க்கதரிசியே சொல்கிறார்! வேதாகமத்தில் இதைவிடத் துணிச்சலான வசனம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

பழைய ஏற்பாடு ஓரவஞ்சனை, புதிய ஏற்பாடு சமத்துவம் என்று பிரிப்பதும் தவறு. அந்நியனை உன்னைப்போல் நேசி என்பது லேவியராகமம் (19:34). எகிப்தைக் கடவுள் ‘என் ஜனம்’ என்று அழைப்பது ஏசாயாவில் (19:25). மோவாபியப் பெண் ரூத், தாவீதின் கொள்ளுப்பாட்டி. மறுபக்கம், இஸ்ரவேலின் காணாமற்போன ஆடுகளுக்காகவே வந்தேன் என்று கானானியப் பெண்ணின் விஷயத்தில் இயேசு சொல்வது புதிய ஏற்பாட்டில் (மத்தேயு 15). யூதன், கிரேக்கன் என்ற பிரிவில்லை என்று கலாத்தியருக்கு எழுதிய பவுலே, இஸ்ரவேலுக்குக் கிடைத்த அழைப்பு மாறாதது என்று ரோமர் 11-ல் எழுதுகிறார்.

‘யாக்கோபைச் சிநேகித்தேன், ஏசாவை வெறுத்தேன்’ என்பதைத் தனிமனிதரின் நித்திய விதியாக உடனே முடிவுகட்ட வேண்டாம். இதைச் சொல்லும் தீர்க்கதரிசி மல்கியா அங்கே பேசுவது ஏசாவின் வழிவந்த ஏதோம் நாட்டைப் பற்றி. ரோமர் 9-ல் பவுல் அதை எடுத்தாள்வதைப் படிப்பவர்கள், எல்லார்மேலும் இரக்கம் என்று சொல்லும் 11:32 வரை படித்துவிட வேண்டும்.

கடினமான பகுதிகளை மழுப்பவும் கூடாது. மேலே சொன்ன உபாகமம் 7-தான் கானானின் ஏழு ஜாதிகளை அழிக்கச் சொல்லித் தொடங்குகிறது. அதை எந்த விளக்கமும் மென்மையாக்கிவிடாது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் சபைகள் நிறவெறியை வேதத்தைக் காட்டியே நியாயப்படுத்தின. 1982-ல் எழுதப்பட்டு 1986-ல் அங்கே ஒரு சபை ஏற்றுக்கொண்ட பெல்ஹார் அறிக்கை, வேதத்தை வைத்தே அதை மறுத்தது. ஆனால் அந்த அறிக்கையும் கடவுளை நடுநிலையாளர் என்று சொல்லவில்லை. அநீதி நிறைந்த உலகில் அவர் ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் விசேஷமான விதத்தில் கடவுளாக இருக்கிறார் என்றே அறிக்கையிட்டது.