டெக்சாஸில் ஆப்சென்ட் கடிதம் வந்தால் என்ன செய்வது?

மகனின் பள்ளியிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. 'கோர்ட்' என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. டாலஸ் பக்கம் நம் ஆட்கள் பலருக்கும் இது வருகிறது. பயந்து பிள்ளையை அடித்துவிடாதீர்கள்.

2015 செப்டம்பருக்கு முன்னால் இங்கே வகுப்பைக் கட் அடிப்பது குற்ற வழக்கு. பிள்ளைக்கே 500 டாலர் வரை அபராதம் போட்டார்கள். இப்போது அது சிவில் வழக்கு, 12 முதல் 18 வயது வரை. கவுன்சிலிங், ட்யூஷன் என்றுதான் பெரும்பாலும் உத்தரவு வரும். அதை மீறினால் 100 டாலர் வரை அபராதம் உண்டு.

முதலில் நாள்களை எண்ணுங்கள். நான்கு வாரத்தில் 3 நாள் அனுமதியில்லாமல் வராவிட்டால் எச்சரிக்கை. ஆறு மாதத்தில் 10 நாள் ஆனால்தான் கோர்ட். ஒரு நாளில் கொஞ்ச நேரம் வராவிட்டாலும் அது கணக்கில் சேரும். என் மகன் முழு நாள் மட்டம் போட்டதே இல்லை, முதல் பீரியட் கணக்கு வகுப்புக்கு மட்டும் போகாமல் இருந்திருக்கிறான்.

அப்புறம் அட்டெண்டன்ஸ் பதிவைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, காலண்டரோடு ஒப்பிடுங்கள். எங்கள் தாளில் பல் டாக்டரிடம் போன காலையும் தீபாவளியும் ஆப்சென்ட் என்றே இருந்தன. டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே வகுப்புக்குத் திரும்பினாலும், மதப் பண்டிகைக்கு லீவ் எடுத்தாலும் சட்டப்படி அது அனுமதிக்கப்பட்ட விடுப்புதான். டாக்டர் சீட்டையும் லீவ் லெட்டரையும் ஈமெயிலில் அனுப்பினேன், இரண்டையும் திருத்தினார்கள்.

கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன் பள்ளி தன் பங்குக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும்: ஒழுங்குத் திட்டம், கவுன்சிலிங், இப்படி ஏதாவது. செய்ததாகப் பரிந்துரையில் எழுதவில்லை என்றால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். அதனால் "என்ன உதவி செய்தீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். கர்ப்பம், வீடில்லாத நிலை, குடும்பத்துக்கே அந்தப் பிள்ளைதான் சம்பாதிக்கிறது என்பன காரணமாக இருந்தால் அனுப்பவே கூடாது.

காரணத்தைப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். நான் காரில் வைத்துக் கேட்டேன். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். போர்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லிப் பின்வரிசை சிரிக்குமாம். அதை அப்படியே கவுன்சிலருக்கு எழுதினேன். அடுத்த வாரமே வேறு டீச்சரின் நாலாவது பீரியடுக்கு மாற்றிவிட்டார்.