எந்த இலவச டேட்டாபேஸை எடுப்பது?

முதலில் ஒரே ஒரு கேள்வி: டேட்டாபேஸில், அதாவது தகவல்களைச் சேமித்துவைக்கும் மென்பொருளில், ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதப்போகிறார்கள்? குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்தக்கடை, ஒரு கம்ப்யூட்டர், கணக்கு போடுவது ஒருவர் என்றால் எஸ்க்யூலைட் (SQLite) என்ற சின்ன டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், எல்லாமே ஒற்றை ஃபைல். கடை மூடும்போது மென்பொருளை மூடிவிட்டு அந்த ஃபைலைப் பென் டிரைவில் காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. ஆனால் ஒன்று, எண் மட்டும் வரவேண்டிய கட்டத்தில் "12 டஜன்" என்று அடித்தாலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். எங்கள் ஸ்டாக் கணக்கு அப்படித்தான் இரண்டு நாள் உதைத்தது. டேபிள், அதாவது தகவல் அட்டவணை, உருவாக்கும்போதே கடைசியில் ஸ்ட்ரிக்ட் (STRICT) என்று சேர்த்துவிடுங்கள், 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல் அது உண்டு.

அப்புறம், அந்த ஃபைலை நெட்வொர்க்கில் போட்டு நாலு கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள், கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். ராணிப்பேட்டை தோல் கம்பெனி மாதிரி கிடங்கு, பில்லிங், ஏற்றுமதி என்று பலரும் சேர்ந்து எழுதும் இடத்துக்கு என் ஓட்டு போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸுக்குத்தான். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை அது. பிப்ரவரி 30 என்று தேதி போட்டால் உள்ளேயே விடாது. டேபிளின் அமைப்பை மாற்றும்போது பாதியில் தவறினால் அதையும் அப்படியே ரத்து செய்துவிடலாம்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் இணையதளம் மட்டும்தானா? சரி, மரியாடிபி (MariaDB) அல்லது மைஎஸ்க்யூஎல் (MySQL) டேட்டாபேஸை எடுங்கள். முன்னது 2009-இல் பின்னதிலிருந்து பிரிந்து வந்தது. இந்த இரண்டில் எதுவானாலும், எழுத்துகளை எப்படிச் சேமிப்பது என்று சொல்லும் எழுத்துத் தொகுதியை (character set) யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று வையுங்கள். ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட் இடம் மட்டுமே தரும் யுடிஎஃப்8-இல் தமிழ் உட்காரும், இமோஜி உட்காராது.