வன்னிக்குப் புறப்படுமுன்: கோட் எந்த போனுக்கு வரும்?

கிளிநொச்சியில் அம்மாவின் வீட்டுக் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. மேசனுக்குக் கொடுக்கவேண்டிய காசை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பப் போனேன். பாஸ்வேர்ட் சரி. அடுத்து, ரொறன்ரோ நம்பருக்கு ஆறு இலக்கக் கோட் அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அந்த சிம்மைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கழற்றி உள்ளூர் சிம் போட்டிருந்தேன். கழற்றியதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மூன்று நாள் வேலை நின்றது. அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினார். அது இன்னமும் மனதை உறுத்துகிறது.

இதற்குப் பயந்து சிலர் பயணத்துக்கு முன் இரண்டு கட்டச் சரிபார்ப்பையே, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு கோட்டும் கேட்கும் பாதுகாப்பையே, நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊருக்குப் போனால் விமான நிலைய வைஃபை, உறவினர் போன், கடைக் கணினி என்று எதையெல்லாமோ தொடுகிறோம். பாஸ்வேர்ட் களவு போக வாய்ப்புக் கூடும் நாட்கள் அவை. கோட் வரும் வழியைத்தான் மாற்ற வேண்டும்.

கூகுள் ஓதென்டிகேட்டர், மைக்ரோசொஃப்ட் ஓதென்டிகேட்டர் போன்ற செயலி ஒன்றைப் போனில் போடுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் காட்டும் கியூஆர் படத்தை அதால் ஸ்கான் செய்தால் ஒரு இரகசியச் சாவி போனுக்குள் பதிந்துவிடும். அந்தச் சாவியையும் போனின் மணிக்கூட்டையும் வைத்து, செயலி பொதுவாக 30 விநாடிக்கு ஒரு புதுக் கோட்டை உண்டாக்கும். சிம் வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரம் நின்றாலும் கோட் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இறங்கியதும் இலங்கை நேரத்தைக் கையால் திருப்பி வைத்தால் கோட் பிழையாகிவிடும். நேரம் தானாக மாறும்படி விட்டுவிடுங்கள்.

முதலில் ஈமெயிலைச் செய்யுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி பெரும்பாலும் அதுதான். கூகுள் கணக்கு 10 மாற்றுக் கோட்களும் தரும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். அவற்றைக் கடதாசியில் எழுதி ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் இன்னொன்றை வீட்டில் நிற்பவரிடமும் வையுங்கள். படம் எடுத்து அதே போனில் வைத்திருந்தால், போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

வங்கிதான் சிக்கல். பல வங்கிகள் இன்னும் குறுஞ்செய்தியில்தான் கோட் அனுப்புகின்றன. அப்படியென்றால் வெளிநாட்டு சிம் போனிலேயே இருக்க வேண்டும். இரண்டு சிம் போடும் போன், அல்லது ஒன்றை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருக்கும் போன் நல்லது. றோமிங் டேட்டாவை (வெளிநாட்டில் அந்த சிம்மில் ஓடும் இணையத்தை) நிறுத்துங்கள், லைனை நிறுத்தாதீர்கள். குறுஞ்செய்தி வந்தால் காசு வெட்டுவார்களா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14 முதலானவற்றில் சிம் போட இடமே கிடையாது. இலங்கைத் தொலைபேசி நிறுவனங்களான டயலொக்கிலோ மொபிட்டெலிலோ இ-சிம் கேளுங்கள்.

வட்ஸ்அப், புது சிம் போட்டதும் நம்பரை மாற்றவா என்று கேட்கலாம். பழைய நம்பரையே வைத்திருங்கள். அதிலும் ஆறு இலக்க இரகசிய எண் (PIN) ஒன்றை இப்போதே போடுங்கள். "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கோ" என்று சொந்த மச்சானின் நம்பரிலிருந்து செய்தி வந்தாலும் அனுப்பாதீர்கள். முதலில் அவருக்கு அழைத்துப் பேசுங்கள். அவருடைய கணக்கை யாரோ பிடித்திருக்கக் கூடும்.

புதுக்குடியிருப்பில் மாமியின் போனில் அவசரமாக ஈமெயில் பார்க்க நேர்ந்தால், "இந்தக் கருவியை நம்பு" என்ற இடத்தில் டிக் போடாமல் பாருங்கள். முடிந்ததும் வெளியேறுங்கள்.

அப்புறம், பறப்பதற்கு ஒரு கிழமை முன்பே வீட்டில் சிம்மைக் கழற்றிவிட்டு, வைஃபையில் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் வெளியேறித் திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள். எது திறக்கவில்லையோ, அதற்காக வங்கிக்கு நேரில் போக அந்த ஒரு கிழமை கையில் இருக்கும்.